ஒப்பீட்டுக்கு உட்பட்ட பேச்சியம்மா

பேச்சியம்மாவின் மகள் அழகம்மா காணாமல் போய், தை கழிந்து, மாசி கழிந்து, பங்குனியும் பாதி ஆன சமயத்தில், மலைநாட்டில் பெண்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்று ஆராய ஹட்டனுக்கு ஒரு குழு வந்து இறங்கியது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம்.

'அரசாங்க உதவியுடன் நடைபெறும் மலைநாட்டுப் பெண் கடத்தல், விபசார ஒப்பியல் ஆய்வுக் குழு' என்பது அதன் பெயர். இதை மூன்று மொழியிலும் வேனில் எழுத வேண்டும் என்று உத்தரவு. வேனின் நெற்றியில் 'அரசாங்க' என்ற சொல்லுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. மிச்சப் பெயர் இடது பக்கம் வளைந்து, கதவைத் தாண்டி, பின்சக்கரத்துக்கு மேலே போய் மூச்சு விட்டது.

பேச்சியம்மா கல்லுமலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. பத்தொன்பது வயது மகள் ஒருத்திதான். கொழும்பில் ஒரு டாக்டர் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை இருக்கிறது என்று அழகுமுத்து என்கிற ஆள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சொன்னான். வெள்ளைச் சட்டை, பவுடர் வாசம், பெரியவர்களைக் கண்டால் கும்பிடு. நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோடு போன பிள்ளையிடமிருந்து ஒரு கடுதாசி வரவில்லை. அவனும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பேச்சியம்மா முதலில் போலீசுக்குத்தான் போனாள். அங்கிருந்தவர் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார். இல்லை என்றாள். "உங்க ஆளுங்க இந்த நாடா, இந்தியாவானு இன்னும் முடிவாகல்ல. காணாமப் போனது எந்த நாட்டுப் பிள்ளைனு தெரியாம நாங்க எங்க தேடுறது?" என்று அவர் அனுதாபத்தோடு கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அவள் திரும்பி வந்துவிட்டாள். வந்தவளுக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் நின்றாலும் கண் கீழே பஸ் போகிற ரோட்டில்தான் கிடந்தது.

அப்படி இருக்கையில்தான் குழு வந்த செய்தி கிடைத்தது. "பொண்ணுங்கள விக்கிறவனுங்களப் பிடிக்க கவருமெண்டு ஆள் அனுப்பியிருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு. மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அன்றைய கூலிக்குப் பேரை வெட்டினாலும் வெட்டட்டும் என்று, பேச்சியம்மா மலையிறங்கினாள்.

குழு தங்கியிருந்தது ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு துரை பங்களாவில். தலைவர் டாக்டர் நாகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் இரண்டு துறைமுகங்களின் தாசிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு எதையும் தனியாகப் பார்க்க அவரால் முடியவில்லை. தேநீர் குடித்தால் இரண்டு கடையிலிருந்து இரண்டு கோப்பை வர வேண்டும். இரண்டையும் மாறி மாறிக் குடித்து, இரண்டும் ஆறிப் போன பிறகு, எது நல்ல தேநீர் என்று சொல்வதற்கு இன்னும் ஆதாரம் போதாது என்பார்.

பேச்சியம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இருங்கோ அம்மா, இருங்கோ. உங்கட மகள் தானாப் போனவவோ, இல்லாட்டி ஆரும் கொண்டு போனவையோ?"

"வேலைக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்கய்யா."

"கூட்டிக்கொண்டு போகேக்கை கையைக் காலைக் கட்டினவையோ?"

"இல்லீங்க."

"பஸ்ஸிலை ஆர் ஏத்தினது?"

"அவளாத்தான் ஏறுனா. நான் பொட்டிய எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப தானாப் போனவ."

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனான்யா, பாவி!"

"அப்ப கொண்டு போனவை." டாக்டரின் நெற்றி சுருங்கியது. "அம்மா, இரண்டிலை ஒண்டைத்தான் சொல்லவேணும். நடுவிலை இடமில்லை. நீங்கள் வீட்டை போய் ஆறுதலா யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாங்கோ."

"புள்ளய எப்பங்கய்யா தேடப் போவீங்க?"

டாக்டர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "தேடுறது எங்கட வேலையில்லை அம்மா. நாங்கள் ஒப்பிடுறனாங்கள்."

ஒப்பிடுவது தேடுவதற்கு முந்தின வேலையாக்கும் என்று பேச்சியம்மா நினைத்துக்கொண்டாள். அரிசி களையாமல் உலை வைக்க முடியுமா? அதனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

மூன்றாவது தடவை போனபோது பங்களா வாசலில் கையில் குழுவின் பட்டை கட்டிக்கொண்டு நின்றவன் அழகுமுத்து. அதே வெள்ளைச் சட்டை, அதே பவுடர்.

"என்ன பேச்சியக்கா, சொகமா இருக்கீங்களா?" என்று கும்பிட்டான்.

பேச்சியம்மா போட்ட சத்தத்தில் பங்களாவின் பின்பக்கத்திலிருந்து சமையல்காரர் ஓடிவந்தார். அவள் அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். "எம்மவ எங்கடா? எங்கடா கொண்டு வச்சிருக்க?"

டாக்டர் வெளியே வந்தார். "ஏற்கெனவே தெரிஞ்ச ஆக்களோ? மெத்த நல்லது. அம்மா, இவர்தான் எங்கட வழிகாட்டி. இந்தப் பகுதியிலை எந்தத் தோட்டத்திலை எந்த வீட்டிலை வயசுப் பிள்ளை இருக்கு எண்டு இவருக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தருக்கும் தெரியாது."

"இவன்தாங்கய்யா கொண்டு போனது!"

"நான் கொழும்புல பத்திரமா எறக்கிவிட்டேங்க ஐயா. அங்கேருந்து அந்தப் புள்ளதான் எங்கயோ போயிருச்சு" என்றான் அழகுமுத்து.

டாக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாத்தீங்களோ! ஒரே சம்பவத்துக்கு இரண்டு கூற்று. இனித்தான் ஒப்பிடலாம்."

"அவனப் புடிச்சுக் குடுங்கய்யா!"

"அம்மா, கள்ளனைப் பிடிக்கிறது பொலிசின்ரை வேலை. களவை விளங்கிக்கொள்ளுறதுதான் எங்கட வேலை. கள்ளனைப் பிடிச்சுக் குடுத்தா களவு நிண்டுபோம். பிறகு நாங்கள் எதை விளங்கிக்கொள்ளுறது?"

அன்றைக்குப் பேச்சியம்மாவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதே பெஞ்சின் மறு கோடியில் இன்னொருத்தி வெற்றிலை மென்றுகொண்டு இருந்தாள். அவள் பெயர் ராசம்மா. பேச்சியம்மாவுக்கு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் என்ன தொழில் செய்கிறாள் என்பது ஹட்டனில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒப்பீட்டின் ஒரு பக்கத்துக்குப் பேச்சியம்மாவின் குடும்பம் கிடைத்துவிட்டதால், மறு பக்கத்துக்கு அவளை அழைத்து வந்திருந்தார்கள். தகவல் கலந்துவிடும் என்பதால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று உத்தரவு.

"என்ன தங்கச்சி, புள்ளயத் தொலச்சிட்டியா?" என்றாள் ராசம்மா, உத்தரவு போட்டவர் உள்ளே போனதும்.

பேச்சியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னய 'தானாப் போனவ'னு எழுதியிருக்காங்க. புருஷன் அடிச்சு வெரட்டுனான். பசி வந்துச்சு. மழ வந்துச்சு. நாந்தான் தானாப் போனேன்." ராசம்மா முற்றத்தில் துப்பினாள். "அந்த வெள்ளச் சட்டக்காரன் ஒரு பொண்ணயும் கொழும்புக்குக் கொண்டு போறதில்ல. இப்ப சீசன் வருதில்ல? நுவரெலியாவுக்குக் குதிரப் பந்தயம் பாக்க வர்ற கூட்டத்துக்குத்தான். ஏரிக்கு மேல, மேட்டுல ஒரு தகரக் கூர விடுதி இருக்கு. தைலயே கொண்டு போயி வேல பழக்குறேன்னு அடச்சி வச்சிருவாங்க. ஒரு காலத்துல நானும் அங்க கெடந்தவ."

பேச்சியம்மா திரும்பினாள். இவளிடம் பேசவா என்று யோசித்த நெஞ்சு, இவளை விட்டால் யார் என்று அடித்துக்கொண்டது. அன்று முழுக்க அவள் பெஞ்சில் ராசம்மாவின் கோடியில்தான் இருந்தாள்.

நுவரெலியாவுக்கு உடனே ஓடிவிடத்தான் துடித்தாள். "ஒத்தையில போனா ஒன்னய நாய விட்டு வெரட்டுவாங்க, அவளயும் வேற எடத்துக்கு மாத்திருவாங்க. பொறு. சித்திரையில இவனுங்களே நம்மள அங்க கூட்டிட்டுப் போறானுங்க. மாநாடாம்" என்றாள் ராசம்மா. பொறுத்தாள். அதை எப்படிப் பொறுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

குழு அதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. பெண்கள் காணாமல் போன கல்லுமலையை, ஒரு பெண்ணும் காணாமல் போகாத ஒரு தோட்டத்தோடு ஒப்பிட வேண்டுமல்லவா? முதலில் நீலக்கொல்லைக்குப் போனார்கள். அங்கே லயத்துக்கு ஒருத்தியாகப் போயிருந்தார்கள். அடுத்த தோட்டத்தில், தன் எல்லைக்குள் ஒருவரும் காணாமல் போகவில்லை என்று துரை எழுதிக் கொடுத்தார். எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்த சமையல்காரியின் தங்கையே போயிருந்தாள். தலவாக்கலைப் பக்கம் போனார்கள். வழிகாட்டியான அழகுமுத்து ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் "இங்க வேணாங்க ஐயா, இங்கயும் போயிருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவன் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. டாக்டர் அவன் திறமையை வியந்து மேலிடத்துக்கு எழுதினார்.

கடைசியில் பட்டிப்பொலவுக்கு அப்பால், மனித வாடையே இல்லாத ஒரு காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டைக் கடியோடு இரண்டு நாள் அங்கே முகாமிட்டு ஆராய்ந்ததில், அந்தக் காட்டிலிருந்து ஒரு பெண்ணும் கடத்தப்படவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. கல்லுமலையில் காடு இல்லாததே கடத்தலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் ஒரு கருதுகோளோடு இறங்கி வந்தார்.

சித்திரை வருஷப்பிறப்பு கழிந்து நுவரெலியாவில் கூட்டம் கூடியது. ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் மாநாடு. துரைமார், துரைச்சானிகள், கொழும்புப் பிரமுகர்கள், முன்வரிசையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மேடையோரம் கையில் பட்டையோடு அழகுமுத்து. பேச்சியம்மாவையும் ராசம்மாவையும் வேனில் ஏற்றிப் போனார்கள். உடை வித்தியாசத்தால் ஒப்பீடு கெட்டுவிடக் கூடாது என்று இருவருக்கும் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். பார்த்தால் இரண்டு ஆஸ்பத்திரி மேட்ரன்மார் போல இருந்தார்கள்.

மேடையில் டாக்டர் தொடங்கினார்.

"பெரியோர்களே! நான் நின்று பேசும் இந்தக் கணத்திலேயே, இந்த நகரத்திலேயே, கடத்தப்பட்ட பெண்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். எந்த வீட்டில் என்பதும் எமக்குத் தெரியும். ஆயினும் நாம் அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருப்பார்கள். திறந்திருந்தால் பெண்கள் வெளியேறியிருப்பார்கள். இன்று உங்கள் முன் வைக்க எம்மிடம் எதுவுமே மிஞ்சியிராது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயர்தான் விஞ்ஞானம்!"

கைதட்டல் கூரையை முட்டியது. பின்வரிசையில் இருந்த பேச்சியம்மா எழுந்தாள். ராசம்மா அவளுக்கு முன்பே எழுந்திருந்தாள்.

வெளியே வேன் டிரைவர் ஜயசேன மட்கார்டில் சாய்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தான். ராசம்மா சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னாள். அவன் சுருட்டைக் காலில் மிதித்தான். "எனக்கும் மகள் இருக்கு. ஏறு, ஏறு" என்றான் அரைகுறைத் தமிழில்.

தகரக் கூரை விடுதி வாசலில் வேன் நின்றது. ஜயசேன ஹார்னை அழுத்திய கையை எடுக்கவேயில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த விடுதிக்காரிக்கு, வேனின் நெற்றியில் 'அரசாங்க' என்று மூன்று மொழியிலும் தெரிந்தது. அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பக்கவாட்டில் போய்ப் பார்க்க அவள் துணியவில்லை. உள்ளிருந்து வெள்ளைச் சேலை கட்டிய இருவர் இறங்கினார்கள்.

"கல்லுமலை அழகம்மா. கூட்டிட்டு வா" என்றாள் ராசம்மா, துரைச்சானி குரலில்.

"என்ன விசாரணைங்க அம்மா? நாங்க எல்லாருக்கும் மாமூல்…"

"கூட்டிட்டு வாங்கிறேன்!"

அழகம்மா வந்தாள். கன்னம் ஒட்டி, தலை எண்ணெய் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். ஓடிவரவில்லை. கனவில் காண்பதைத் தொட்டால் கலைந்துவிடும் என்று நிற்பவள் போல நடையிலேயே நின்றாள். பேச்சியம்மாதான் போய் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடு இழுத்துக்கொண்டு படி இறங்கியவள், பாதியில் நின்றாள். நடைக்குள்ளே இருட்டில் அழகம்மா வயதில் இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

"நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்கடி!" என்று அதட்டினாள் பேச்சியம்மா.

நானுஓயா ஸ்டேஷனுக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் பேச்சியம்மாவுக்கு இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தது. பெண்களோடு ஹோட்டலுக்கே திரும்பி, நடு மண்டபத்தில் போய் நின்றாள். ஒப்பீட்டின் மூன்றாம் பகுதியில் இருந்த டாக்டரின் பேச்சு நின்றது.

"ஐயா, இது எம்மவ. இந்தா நிக்கிறானே கையில பட்டயக் கட்டிக்கிட்டு, இவன்தான் கொண்டு போனது. கேளுங்க இந்தப் புள்ளைங்கள!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அழகுமுத்துவைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"மன்னிக்கவேணும்," என்றார் டாக்டர், "அவர் எங்கட தகவலாளர். அவரை வெளியிலை காட்டிக்குடுக்கிறதில்லை எண்டு வாக்குக் குடுத்திருக்கிறம். ஆய்வு முடியுமட்டும் அவர் குழுவின்ரை பாதுகாப்பிலை."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததில் அவருக்கும் ஒரு நிம்மதி தெரிந்தது.

டாக்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "என்ன வேலை செய்துபோட்டியள் அம்மா! ஆய்வுக்கு எடுத்த மாதிரி கலைஞ்சுபோச்சுதே. இன்னும் இரண்டு கிழமை அந்தப் பிள்ளையள் அங்கை இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு உதவி செய்யுங்கோ. இப்ப கொண்டுபோய் விட்டிட்டு, இரண்டு கிழமையாலை நானே எங்கட வேனிலை…"

பேச்சியம்மாவுக்கு அவர் சொல்வது முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், மேசையில் அவருக்காக வைத்திருந்த தேநீர்க் கோப்பைகள் இரண்டையும் எடுத்தாள். ஒன்றை அவர் மேல் ஊற்றினாள். பிறகு மற்றதையும் ஊற்றினாள். டாக்டருக்கு அதில் வித்தியாசம் ஏதும் தெரிந்ததா என்பது பதிவாகவில்லை.

அறிக்கை மறுவருடம் வந்தது என்று சொல்வார்கள். மீட்கப்பட்ட பெண்கள் ஆய்வின் நடுவில் விலகிக்கொண்டபடியால் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும், எனவே அந்த விடுதியில் கடத்தப்பட்டவர் எவரும் இல்லை என்றும், மேலும் ஓர் ஒப்பாய்வு அவசியம் என்றும் அதில் இருந்ததாம். அழகுமுத்துவுக்கு நன்றி தெரிவித்து முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். அவன் அதற்குப் பிறகு பதுளைப் பக்கம் போய்விட்டான். தொழிலை விட்டதாகத் தகவல் இல்லை.

மாநாட்டு நாளன்று பிற்பகலே நானுஓயாவில் அவர்கள் ரயிலேறினார்கள். தலவாக்கலையில் ஒரு பெண் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். மற்றவள் பெயர் மீனம்மா. அவளைக் கொண்டுபோய் ஒப்படைத்ததே அவள் மாமன்தான். போக இடமில்லை. "என்னோட வா. இருக்கிற எடத்துல மொடங்கிக்கலாம்" என்று பேச்சியம்மா சொல்லிவிட்டாள்.

அழகம்மா வாயே திறக்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். பேச்சியம்மா ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகலை தாண்டும்போது, மடியிலிருந்த மாசிக்கருவாட்டு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். மகள் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஹட்டன் நெருங்கியதும் ராசம்மா எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்தாள். பேச்சியம்மா பின்னாலேயே போனாள்.

"எங்க போற?"

"நீங்க மொதல்ல எறங்கிப் போங்க தங்கச்சி. நான் கூட்டம் கலஞ்சதும் எறங்குறேன். என்னோட கண்டா ஒம்மவளுக்குத்தான் கெட்ட பேரு."

"வாக்கா."

"சொன்னாக் கேளு. ஊரு பேசும்."

"ஊரு மூணு மாசமாப் பேசிச்சு. எம்புள்ள கெடச்சாளா? வா."

நால்வரும் சேர்ந்தே இறங்கினார்கள். பஸார் நாள். பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். வாசலில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில், சாமான் வாங்க வந்திருந்த சண்முகவடிவு நின்றாள். அழகம்மாவைக் கண்டதும் "அடி எஞ்சாமி, வந்துட்டியா!" என்று கத்திக்கொண்டு கிட்ட வந்தாள். வந்தவளின் பார்வை ராசம்மா மேல் விழுந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"பேச்சியம்மா, ஒங்கூட வர்றது யாருன்னு தெரிஞ்சுதான் வர்றியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கப் பார்த்தாள். பேச்சியம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், நானுஓயாவிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்த அழகம்மா, ராசம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க பெரியம்மா" என்றாள்.